கரவன் ஜக்கை ட்ரில் மெஷினால் இறக்கலாமா?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கரவனின் மூலைகளில் உள்ள ஜக்குகளை, கையால் சுற்றாமல் ட்ரில் மெஷினால் இறக்கலாமா என்பது கேள்வி. இறக்கலாம். ஆனால் கடைசி இறுக்கம் கையால்தான்.

மட்டக்களப்பு வாவியில் தோணிக்குள் கால் வைத்ததும் ஆடும் அல்லவா? நிறுத்திய கரவனும் டயரிலும் ஸ்பிரிங்கிலும் நிற்பதால், உள்ளே நடந்தால் அப்படித்தான் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்க ஊன்றும் கால்தான் இந்த ஜக்.

அதற்குள் ஒரு நீண்ட திருகாணி இருக்கிறது. பல சுற்றுச் சுற்றினால்தான் கால் கொஞ்சம் இறங்கும். அந்த அலுப்பைத்தான் ட்ரில் குறைக்கிறது. திருகாணித் தலைக்கு, பெரும்பாலும் முக்கால் அங்குலம், பொருந்தும் சொக்கற்றை மாட்டி, மெதுவான கியரில் சுற்றுங்கள். கால் நிலத்தில் முட்டியதும் சுமை சட்டென்று ஏறும். ட்ரில்லின் கிளட்ச்சை, அதாவது சுமை கூடினால் முறுக்குவதை விட்டுவிடும் அமைப்பை, குறைத்து வைக்காவிட்டால் ட்ரில் உங்கள் மணிக்கட்டையே முறுக்கிவிடும். இதில் மட்டும் கவனக்குறைவு வேண்டாம். முட்டியதும் நிறுத்தி, அப்புறம் கைபிடியால் கொஞ்சம் இறுக்கினால் போதும். பாசிக்குடா போன்ற மணல் என்றால் காலுக்குக் கீழ் பலகைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் புதைந்துகொண்டே போகும்.

கார் டிக்கியில் இருக்கும் ஜக்கைப் போல இதுவும் வண்டியைத் தூக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தூக்குவதற்கு அல்ல, டயருக்குக் கீழ் பலகை வைத்து மட்டம் பார்த்த பிறகே இதை இறக்க வேண்டும்.