காப்பை அவிழ்க்கும் நாள்

அன்புள்ள ஐயா,

மியான்மரின் மோல்மேனில் ஞாயிறுதோறும் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நீண்ட நகங்களுக்காகக் கின்னஸ் நூலில் இடம்பெற்ற புனே ஸ்ரீதர் சில்லாலின் படத்தைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து, மாணவர் சிலர் நகம் வெட்ட மறுக்கிறார்கள். நம் நாட்டுப் பௌத்தத் துறவி மிங்குன் சயாடோவின் நினைவாற்றலைப் பதிவுசெய்த அதே நூல் இதையும் பதிவுசெய்திருப்பது எனக்கு அவமதிப்பாகவே படுகிறது. சோம்பலுக்கும் பட்டமா? இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?

மோல்மேன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கவலை நியாயமானது. சோம்பல் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். சில்லால் 1952இல், பதினான்கு வயதில், ஆசிரியர் ஒருவரின் நீண்ட நகத்தைத் தவறுதலாக ஒடித்துவிட்டார். அதைப் பேணும் அருமை உனக்குத் தெரியாது என்று ஆசிரியர் கடிந்துகொண்டதையே சவாலாக ஏற்று, இடக்கை நகங்களை வெட்டுவதை நிறுத்தினார். புகைப்படக்காரராக வேலை பார்த்தார், குடும்பம் நடத்தினார், நகங்களையும் காத்தார். 2014இல் அளந்தபோது அந்த ஐந்து நகங்களின் மொத்த நீளம் 909.6 செ.மீ. இருந்தது. 2018 ஜூலையில்தான், 66 ஆண்டுகளுக்குப் பிறகு, நியூயார்க்கில் அவற்றை வெட்டிக்கொண்டார். இது வைராக்கியம், அதற்குரிய மரியாதையை நாம் கொடுத்துவிட வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. நகத்தில் உயிர் இல்லை, ஆனால் அதைச் சுமக்கும் விரலில் இருக்கிறது. அந்தப் பாரத்தாலும் பல்லாண்டுகள் அசைக்காமல் வைத்திருந்ததாலும் அவருடைய இடக்கை விரல்கள் மடக்கவும் விரிக்கவும் முடியாதபடி நிரந்தரமாக முடங்கிப்போயின. இரவில் அரைமணிக்கு ஒருமுறை விழித்துக் கையை மாற்றி வைக்க வேண்டியிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உடலுக்கு ஆபத்து என்று கருதி, தூங்காமல் விழித்திருக்கும் சாதனையைக் கண்காணிப்பதை 1997இல் கைவிட்ட அதே கின்னஸ் நிறுவனம், ஒருவரின் உறக்கத்தை வாழ்நாளெல்லாம் துண்டுதுண்டாக்கிய இந்தச் சாதனைக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. சில நாட்களில் தெரிந்துவிடும் கேட்டைக் கண்டு பதறுகிற நாம், அறுபது ஆண்டுகளில் மெல்லச் சேரும் கேட்டைப் பாராட்டி விடுகிறோம் என்பதே என் வருத்தம்.

நம் அம்மன் கோயில்களில் தீமிதிக்காகக் காப்புக் கட்டுகிறவரைப் பாருங்கள். கட்டும்போதே அவிழ்க்கும் நாளும் தெரியும். இடைப்பட்ட நாட்களில் உண்பதும் உறங்குவதும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தாலும், பூக்குழி இறங்கியபின் அவர் தம் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பிவிடுகிறார். பதினான்கு வயதுச் சிறுவன் கோபத்தில் கட்டிக்கொண்ட காப்பை அவிழ்க்க ஒரு நாள் குறிக்கப்படவே இல்லை.

எல்லோரையும் இப்படி எடைபோட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் அளந்தபோது இரு கைகளிலுமாக 1306.58 செ.மீ. நகங்கள் கொண்டிருந்த அமெரிக்காவின் டயானா ஆம்ஸ்ட்ராங், 1997இல் பதினாறு வயது மகள் ஆஸ்துமாவால் இறந்த பிறகு நகம் வெட்டுவதை நிறுத்தியவர். அதுவரை அவருடைய நகங்களைச் சீர்செய்து வந்தவள் அந்த மகள். அவருக்கு நாள் குறிக்க நமக்கு என்ன உரிமை?

சயாடோவுக்கு இதனால் எந்த இழுக்கும் இல்லை. 1954 மே மாதம் ரங்கூனில் பௌத்தத் திருமறையின் 16,000 பக்கங்களை அவர் மனப்பாடமாக ஒப்பித்தார் என்று அந்த நூல் குறிப்பிட்டது. அதே ஆண்டு ரங்கூனின் கபா ஏயில் தொடங்கிய ஆறாம் சங்காயனத்தில், அதாவது திருமறையைச் சரிபார்க்கத் துறவியர் கூடிய சபையில், மகாசி சயாடோ என்ற துறவி கேள்வி எழுப்ப, மிங்குன் சயாடோ விடை சொன்னார். அவர் சேர்த்துவைத்தது சபையில் பிறருக்குப் பயன்பட்டது. பக்க எண்ணிக்கையை எழுதிய நூல் இதைச் சொல்லவில்லை. அதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நகம் வளர்க்கும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தக் கதை அப்படித்தான் தொடங்கியது. சில்லாலின் நகங்களைப் பார்த்தவர்களுக்கு அவருடைய விரல்களைப் பற்றியும் சொல்லுங்கள். பிறகு, எந்தத் தேதியில் வெட்டப்போகிறாய் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தேதி சொல்கிறவனை அதுவரை விட்டுவிடலாம்; சொல்லத் தெரியாதவனோடு மட்டும் வகுப்பு முடிந்தபின் தனியே உட்கார்ந்து பேசுங்கள்.