மஞ்சள் சட்டையும் வியர்வை அறையும்

கேள்வி: சயின்டாலஜி என்ற அமெரிக்க மத அமைப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் பணம், வழக்கு, ரகசியம் என்றே எழுதுகிறீர்கள். நிலநடுக்கம், வெள்ளம் என்றால் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஓடி வரும் அவர்களுடைய தொண்டர்கள் உங்கள் கண்ணில் படவே இல்லையா? போதை ஒழிப்பு, மனித உரிமை, கல்வி என்று உலகம் முழுக்க வேலை செய்கிறார்கள். எந்த மதம்தான் சேவையோடு தன் கொள்கையையும் எடுத்துக்கொண்டு போகவில்லை? இவர்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்? குடியை விட முடியாமல் தவிக்கும் என் தம்பியை அவர்களுடைய நார்கானான் மையத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்துகிறார். அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: தம்பியைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: சேர்க்காதீர்கள். காரணத்தைச் சொல்ல, நீங்கள் கேட்ட மற்றவற்றையும் தொட்டுத்தான் போக வேண்டும்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் என் கண்ணில் படாமல் இல்லை. சயின்டாலஜியைத் தொடங்கிய எல். ரான் ஹப்பார்ட், 1970-களின் நடுவில் 'வாலண்டியர் மினிஸ்டர்ஸ்' என்ற இந்தத் தொண்டர் அணியை ஆரம்பித்தார். 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளுக்கு நடுவே அவர்கள் இருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஆசியக் கடற்கரைகளுக்கு வந்தார்கள். 2010 ஜனவரியில் ஹைதி நிலநடுக்கத்தில் நொறுங்கிக் கிடந்தபோது, நடிகர் ஜான் டிரவோல்டா தன் சொந்த போயிங் 707 விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு, நிவாரணப் பொருட்களோடும் மருத்துவர்களோடும் இந்தத் தொண்டர்களோடும் போய் இறங்கினார். பெட்டி சுமந்தவர்களின், தண்ணீர் கொடுத்தவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களில் பெரும்பாலோர் நல்ல மனசோடுதான் போயிருப்பார்கள்.

பெட்டியை இறக்கி வைத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சிக்கல். 'டச் அசிஸ்ட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அடிபட்டவரின் உடம்பில் விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, "என் விரலை உணருங்கள்" என்பார்கள். அவர் உணர்ந்தேன் என்றதும் நன்றி சொல்லி அடுத்த இடம். காயம்பட்ட பகுதிக்கும் உடம்புக்கும் அறுந்துபோன தொடர்பை இது மீட்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஹைதியில் மருத்துவமனையில் கிடந்தவர்களுக்கும் இதைச் செய்தார்கள். இதனால் காயம் ஆறும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. வலியில் இருப்பவரின் தோளைத் தொட்டால் அவருக்கு ஆறுதல் கிடைக்கும், சரி. அதை ஆறுதல் என்று சொல்லிக் கொடுத்தால் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. சிகிச்சை என்று சொல்லும்போது, எலும்பு முறிந்து கிடப்பவர் அதை நம்பிவிடுகிறார்.

எந்த மதம் கொள்கையை எடுத்துப் போகவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சிலுவை வைத்த மருத்துவமனை யாருடையது என்று வாசலிலேயே தெரிந்துவிடும். குருத்வாராவில் சாப்பிட உட்காருகிறவருக்கு அது யார் போடும் சாப்பாடு என்று தெரியும். அந்த மருத்துவமனைக்குள் போனால் எல்லா இடத்திலும் கொடுக்கிற அதே மருந்தைத்தான் கொடுப்பார்கள். ஜெபம் தனியாக நடக்கும், வேண்டாம் என்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். சயின்டாலஜியின் சேவையில் இந்த இரண்டுமே மாறிவிடுகின்றன. பெயர் வெளியே தெரிவதில்லை. கொள்கையே மருந்தாகிவிடுகிறது.

பெயர்களைப் பாருங்கள். போதை மறுவாழ்வுக்கு நார்கானான். சிறைக் கைதிகளுக்கு கிரிமினான். கல்விக்கு அப்ளைடு ஸ்காலஸ்டிக்ஸ். துண்டுப் பிரசுரங்கள் கொடுப்பது 'போதையில்லா உலக அறக்கட்டளை'. மனித உரிமைக்கு 'யூத் ஃபார் ஹியூமன் ரைட்ஸ்'. எதிலும் சயின்டாலஜி என்ற சொல் இல்லை. இவற்றில் பலவற்றை மதச்சார்பற்றவை என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளை இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அழைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே என்றுதான் கேட்கிறேன்.

பெயரை மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2001-லேயே உதாரணம் இருக்கிறது. கோபுரங்கள் விழுந்த சில நாட்களில் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சித் திரையில், தேசிய மனநல உதவி எண் என்பதுபோல் ஒரு தொலைபேசி எண் ஓடியது. அழைத்தால் எடுத்துப் பேசியது சயின்டாலஜி ஆட்கள். அமெரிக்காவின் தேசிய மனநலச் சங்கம் எச்சரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சொந்தபந்தத்தைப் பறிகொடுத்துவிட்டு, தூக்கமில்லாமல், ஒரு மனநல ஆலோசகரைத் தேடி அந்த எண்ணை அழைத்தவரை நினைத்துப் பாருங்கள். மனநல மருத்துவமே கூடாது என்று சொல்லும் அமைப்பிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மனநல மருத்துவத்துக்கு எதிராக 1969-ல் அவர்கள் தொடங்கிய சி.சி.எச்.ஆர். என்ற அமைப்பு, ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியிருக்கிறது. சிட்னியின் செம்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் 1960-களிலும் 70-களிலும் நோயாளிகளை மயக்க மருந்து கொடுத்து நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஆழ்ந்த தூக்கத்தில் வைத்திருந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதை வெளிக்கொண்டுவரப் போராடியவர்களில் இந்த அமைப்பும் உண்டு. 1988-ல் விசாரணை ஆணையம் அமைந்ததில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. அந்தப் பெருமையை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் ஒரு மருத்துவமனையில் நடந்த கொடுமையைக் கண்டுபிடித்ததால், மனநல மருத்துவம் முழுவதையுமே சாவுத் தொழில் என்று சொல்லும் உரிமை வந்துவிடாது. 2005-ல் ஹாலிவுட்டில் அருங்காட்சியகம் திறந்து அப்படியேதான் பெயர் வைத்தார்கள். மனச்சோர்வில் இருக்கும் ஒருவர் அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

இனி நார்கானான். 1966-ல் அமெரிக்காவின் அரிசோனா சிறையில் ஒரு கைதி ஹப்பார்டின் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தொடங்கியது இது. இன்று அதன் மையமான சிகிச்சை வியர்வை அறைதான். சானா என்ற சூடான அறையில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வரை, வாரக் கணக்கில் உட்கார வைப்பார்கள். கூடவே நயாசின் என்ற வைட்டமினை ஏற்றிக்கொண்டே போவார்கள். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் நயாசின் சுமார் 15 மில்லிகிராம். இவர்கள் முறையில் அது ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை போகிறது. அந்த அளவில் தோல் சிவந்து எரியும், கல்லீரல் கெடும் ஆபத்தும் உண்டு. தோல் சிவப்பதைப் பழைய நச்சு வெளியேறும் அடையாளம் என்று ஹப்பார்ட் சொல்லிவைத்தார். அது நயாசின் ரத்தக் குழாய்களை விரிப்பதால் வருவது. யார் சாப்பிட்டாலும் வரும்.

போதைப் பொருள் வருடக் கணக்கில் கொழுப்பில் தங்கி, பிறகு ரத்தத்தில் கசிந்து ஆசையைத் தூண்டுகிறது; வியர்வையில் அதை வெளியேற்றினால் ஆசை போய்விடும். இதுதான் அவர்களுடைய கோட்பாடு. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. ஹெராயினையும் கொக்கெய்னையும் கல்லீரலும் சிறுநீரகமும் சில நாட்களில் வெளியேற்றிவிடும். மது சில மணி நேரத்தில் போய்விடும். கஞ்சாவின் வேதிப்பொருள் சில வாரங்கள் கொழுப்பில் தங்கும் என்பது உண்மைதான், ஆனால் வியர்வையில் அது சொல்லும்படியான அளவில் போவதில்லை. ஏக்கம் இருப்பது மூளையில். கொழுப்பை உருக்கி அதைத் துடைக்க முடியாது. கலிபோர்னியா பள்ளிகளில் இதையே பாடமாகச் சொல்லிக் கொடுத்துவந்தார்கள். பத்திரிகைகள் எழுதி, மாநிலக் கல்வித் துறை நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, 2005-ல் இதை நிறுத்துங்கள் என்று பள்ளிகளுக்குச் சொன்னது.

பத்தில் ஏழு பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்று உங்கள் நண்பர் சொல்லியிருப்பார். அது நார்கானானே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கணக்கு. 2008-ல் நார்வேயின் அரசு சுகாதார ஆய்வு மையம் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, இது பலன் தருகிறது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. ஓக்லஹோமாவில் அவர்களுடைய பெரிய மையத்தில் 2011 அக்டோபருக்கும் 2012 ஜூலைக்கும் இடையில் மூன்று பேர் இறந்தார்கள். அதே 2012-ல் கனடாவின் கியூபெக்கில் இருந்த மையத்தை, அங்கிருப்பவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று சுகாதார அதிகாரிகள் மூடவைத்தார்கள். நியூயார்க் தீயணைப்பு வீரர்களுக்கும் இதே வியர்வைச் சிகிச்சையைக் கொடுத்தார்கள், நடிகர் டாம் குரூஸ் ஆதரவோடு. மையத்துக்குப் போன சிலர் தங்கள் வழக்கமான மருந்துகளைக் கைவிட்டது தீயணைப்புத் துறை மருத்துவர்களைக் கவலைப்பட வைத்தது. இரட்டைக் கோபுர இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனவர்கள் அவர்கள். எனக்கு இதைப் படித்தபோது கோபம் வந்தது, இன்னும் அடங்கவில்லை.

சயின்டாலஜி மதமா இல்லையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1983-லேயே மதம் என்றது. அமெரிக்க வரித் துறை 1993-ல் வரிவிலக்கு கொடுத்தது. பிரான்ஸ் 2009-ல் மோசடி என்று தண்டித்தது. பிரிட்டன் செய்ததுதான் நம் விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது: 2013-ல் அவர்களுடைய கோவிலில் திருமணம் நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, ஆனால் 1999-ல் அறக்கட்டளை ஆணையம் அவர்களைத் தர்ம ஸ்தாபனமாகப் பதிவு செய்ய மறுத்திருந்தது. பொது மக்களுக்கு இதனால் நன்மை என்பது நிரூபணமாகவில்லை என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. கும்பிடுவது அவரவர் உரிமை. சேவை என்று சொன்னால் அதன் பலனைக் காட்ட வேண்டும்.

அப்புறம், தம்பி. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உடம்பு நடுக்கம், இல்லாதது கண்ணில் தெரிவது, காய்ச்சல், குழப்பம் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் வேண்டியது மருத்துவரும், வலிப்பைத் தடுக்கும் மருந்தும், தயமின் என்ற வைட்டமின் ஊசியும். சூடான அறையில் வியர்க்க வைத்து உடம்பு நீரை இழக்கச் செய்யும் இடத்தில் அவர் இருக்கக் கூடாது. அந்தக் கட்டம் தாண்டிய பிறகு குடி ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் என்று சோதித்துப் பார்த்த மருந்துகள் இருக்கின்றன. மருந்தே கூடாது என்ற கொள்கையில் நிற்கும் நார்கானானில் அவை கிடைக்காது.

அவசரப்பட்டு அவரை வீட்டில் பூட்டி வைத்து, பாட்டிலைப் பிடுங்கிவிடாதீர்கள். முதலில் மனநல மருத்துவரிடமோ, போதை மீட்புப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். போகும்போது இரண்டு விஷயங்களை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், இதற்கு முன் நிறுத்தியபோது எப்போதாவது வலிப்பு வந்ததா. மருத்துவர் முதலில் கேட்கப் போவது இந்த இரண்டையும்தான்.