பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு: புது உணவைத் தொடவே மறுக்கிறது, என்ன செய்வது?

உங்கள் பூனைக்கு 11 வயது, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) 3.1. மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறுநீரக உணவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, நெத்திலிக்காகக் கத்துகிறது. பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து விடாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும். கொழுத்த பூனைக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

எங்கள் சின்னுவுக்கு 13 வயதில் இந்த நோய் தெரிந்தது. குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு தண்ணீர் குடித்தபடியே இருப்பாள். வெயில் காலம், அதனால்தான் என்று நினைத்துவிட்டோம். மணல் தட்டில் அள்ளும் சிறுநீர்க் கட்டிகள் எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவுக்குப் பெருத்த பிறகுதான் இரத்தப் பரிசோதனை செய்தோம். கிரியேட்டினின் ஏறும்போதே சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

உணவு விஷயத்துக்கு வருகிறேன். புரதத்தைக் குறைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். பாஸ்பரஸ் என்ற தாதுவைக் குறைப்பதுதான் அதைவிட முக்கியம். பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் தேங்கி, மிச்சமிருக்கும் திறனையும் கெடுத்துவிடும். எலும்பிலும் முள்ளிலும் பாஸ்பரஸ் மிக அதிகம். நெத்திலியை முள்ளோடு முழுசாக விழுங்குகிறதே, சிக்கல் அங்கேதான். கருவாடு என்றால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஈரலையும் நிறுத்துங்கள். அதற்காகத் தயிர் சாதத்துக்கு மாற்றிவிடவும் கூடாது. பூனை இறைச்சி தின்னப் பிறந்த விலங்கு. புரதம் மிகவும் குறைந்தால் தசை கரைந்துவிடும். கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து சோற்றிலிருந்து அதற்குக் கிடைக்காது.

புது உணவைப் பழக்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கிண்ணத்தின் அருகே வந்து உதட்டை நக்குகிறதா? ஒருமுறை முகர்ந்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோலத் தரையைப் பிறாண்டுகிறதா? சின்னு அப்படித்தான் செய்தாள். பிடிவாதம் என்று நினைத்தோம். உண்மையில் அவளுக்குக் குமட்டல். குமட்டும் வேளையில் கொடுத்த உணவைப் பூனை பிறகு ஜென்மத்துக்கும் தொடாமல் போகலாம். முதலில் குமட்டலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டில் ஆசை திரும்பிய பிறகு, பழைய உணவில் அரைத் தேக்கரண்டி புது உணவைக் கலந்து தொடங்குங்கள். கிண்ணத்தை வெந்நீரில் சற்று நேரம் வைத்து வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாசனை எழும்பும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

உலர் உணவைவிட ஈர உணவு நல்லது. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். இந்த நோயில் நீர்ச்சத்து போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு முயன்றும் ஏற்கவில்லையென்றால் மனம் தளராதீர்கள். அது விரும்பித் தின்னும் உணவிலேயே பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் கலந்து கொடுக்கலாம். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆசைக்கு எலும்பில்லாத கோழியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் கொடுங்கள். பாஸ்பரஸ் ஓரளவு தண்ணீரோடு போய்விடும். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவும் சிறிது தரலாம், மஞ்சள்கரு வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு ஒரு துளிகூடக் கூடாது.

நீங்கள் எழுதிய பரிசோதனை விவரத்தில் பாஸ்பரஸ் அளவு இல்லை. அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்து, அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.