ட்ரையல்ஸ் சைக்கிளின் பின்சக்கரம் நேர் விலகாமல் நிற்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஓராண்டாக 20 அங்குல ட்ரையல்ஸ் சைக்கிளில் (காலைத் தரையில் ஊன்றாமல் தடைகளைத் தாவிக் கடக்கும் விளையாட்டுக்கான சைக்கிள்) பயின்று வருகிறேன். பின்சக்கரத்தை எவ்வளவு நேராக வைத்துப் பூட்டினாலும், பத்துப் பதினைந்து முறை பெடலை உதைத்துத் தாவியதும் டயர் இடப்பக்கம் திரும்பிப் பிரேமில் உரசுகிறது, செயினும் தொய்ந்துவிடுகிறது. போல்ட்டை மேலும் மேலும் இறுக்கிப் பார்த்தும் பயனில்லை. இதைவிடப் பெரிய ஸ்பேனர்தான் வழியா?

பதில்: பெரிய ஸ்பேனர் வழியன்று, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயர் இடப்பக்கம் திரும்புகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. செயின் வலப்பக்கத்தில் இருப்பதால், பெடலை உதைக்கும் ஒவ்வொரு முறையும் அச்சின் வல முனைதான் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. அந்த முனை, பிரேமில் அச்சு அமரும் டிராப்அவுட் எனப்படும் பிளவுக்குள் சிறிது முன்னேறியதும் சக்கரத்தின் முன்விளிம்பு இடப்பக்கம் சாய்கிறது. 116 மி.மீ. அகலமுள்ள ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) வல முனை 1 மி.மீ. நகர்ந்தால், அது டயரின் முன்விளிம்பில் ஏறத்தாழ 2 மி.மீ. விலகலாகத் தெரியும்.

சாதாரணச் சைக்கிளில் இந்தத் தொல்லை அரிதாக இருப்பதற்கும் ட்ரையல்ஸ் சைக்கிளில் ஓயாமல் வருவதற்கும் காரணம் பற்சக்கரத்தின் அளவு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 175 மி.மீ. நீளமுள்ள கிராங்கின் (பெடலைத் தாங்கும் தண்டின்) மேல் அசையாமல் நிற்பதாகக் கொள்வோம். முன்னால் 44 பற்கள் கொண்ட பற்சக்கரம் இருந்தால் செயினில் விழும் இழுவை சுமார் 140 கிலோ எடைக்குச் சமம். ட்ரையல்ஸ் சைக்கிளில் வழக்கமாக இருப்பதுபோல் 18 பற்களே இருந்தால், அதே மனிதர், அதே நிற்றல், இழுவையோ சுமார் 335 கிலோ. ட்ரையல்ஸ் ஓட்டுபவர் சும்மா நிற்பதும் இல்லை. பின்பிரேக்கைப் பூட்டிப் பின்சக்கரத்தின் மேல் நின்று, பெடலில் எடையை ஏற்றிச் செயினை விறைப்பாக்கி, பிரேக்கை விட்ட கணத்தில் உதைத்துத் தாவுகிறார். உடல் எடையின் இரு மடங்கு பெடலில் இறங்கினால் இழுவை 670 கிலோவை எட்டும். செயின் வலப்பக்கம் ஒதுங்கி ஓடுவதால் அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வல முனை ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது.

இதை எதிர்த்து நிற்பது எது? வெறும் உராய்வு. உங்கள் ஹப் எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டால் பூட்டப்படுவதானால், 10 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் அது தரும் அழுத்தம் சுமார் 850 கிலோ. பெயிண்டோ எண்ணெய்ப் பசையோ உள்ள பரப்பில் அந்த அழுத்தம் தடுக்கக்கூடிய நகர்வு விசை, உள்முகமும் வெளிமுகமும் சேர்ந்தே, சுமார் 250 கிலோதான். எம்10 நட்டை 35 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் இது இரு மடங்கிற்குச் சற்று மேல் உயர்ந்தாலும், வலிய உதை ஒன்றின் எல்லையைத் தொட்டும் தொடாமலும்தான் நிற்கும். இவை தோராயக் கணக்குகளே; ஆயினும் போல்ட்டை இறுக்குவதால் மட்டும் தீராது என்பதைக் காட்ட இவை போதும். வரம்பு மீறி இறுக்கினால் சக்கரம் நகர்வதற்கு முன் போல்ட் அறுந்துவிடும். தொடக்க காலத்தில் நானும் ஸ்பேனர் கைப்பிடியில் குழாயைச் செருகி இறுக்கி, போல்ட்டின் முனை அச்சுக்குள்ளேயே முறிந்து தங்கிவிட, ஒரு நல்ல ஹப்பை இழந்தேன். அந்த இழப்பு உங்களுக்கும் வர வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே அச்சு முன்னால் நகர முயலும்போது சாய்ந்து நிற்க ஒரு தடுப்பு வேண்டும். ட்ரையல்ஸ் சைக்கிள்களில் இதற்குப் பெரும்பாலும் இருப்பது ஸ்னெயில் கேம் என்னும், நத்தை ஓட்டைப் போல ஆரம் சிறிது சிறிதாகக் கூடிச்செல்லும் தகடு. அது அச்சின்மேல் அமர்ந்து, டிராப்அவுட்டில் பதிந்துள்ள 'பின்' என்னும் சிறு ஆணியில் முட்டிக்கொண்டு நிற்கும். வேறு சில பிரேம்களில் திருகாணி வைத்த செயின் அட்ஜஸ்டர் இருக்கும். இவற்றில் எது இருந்தாலும் வேலை ஒன்றே: இழுவையை உராய்வு தாங்காமல் உலோகம் தாங்குகிறது, போல்ட்டின் கடமை சக்கரத்தை இடத்தில் அழுத்தி வைப்பதோடு முடிந்துவிடுகிறது. உங்கள் சைக்கிளில் கேம் இருந்தும் நகர்கிறதென்றால், அது பின்னில் முட்டாமல் இடைவெளி விட்டு நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வலப்பக்கம் மட்டும் வைத்துவிட்டு இடப்பக்கத்தைக் கழற்றி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு பக்கமும் வேண்டும்.

பரப்புகளைத் தூய்மை செய்வது அடுத்த வேலை. ஹப்பின் முகமும் வாஷரும் டிராப்அவுட்டில் படும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பெயிண்ட் அழுத்தத்தில் நசுங்கிக்கொண்டே போகும். அது நசுங்க நசுங்க, நீங்கள் ஏற்றிய இறுக்கமும் குறையும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, அந்த முகங்களை உலர்வாக வையுங்கள். போல்ட்டின் மரைகளிலும் அதன் தலைக்கு அடியிலும் மட்டும் சிறிது கிரீஸ் தடவ வேண்டும். ஒரே இடத்தில் ஒன்றுக்கு உலர்வும் மற்றொன்றுக்குக் கிரீஸுமா என்று தோன்றலாம். மரையில் உராய்வு மிகுந்தால் உங்கள் கைவலு அங்கேயே செலவாகி, அழுத்தமாக மாறுவதில்லை. முகங்களிலோ உராய்வுதான் நமக்குத் தேவை. முகத்தில் பல்வெட்டு உள்ள ஹப்பும் வாஷரும் அலுமினியத்தில் பதிந்து பிடிப்பதால் இன்னும் நல்லது.

பலர் தவறவிடும் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, அச்சின் முனை டிராப்அவுட்டின் (கேம் வெளிப்புறம் அமர்வதானால் கேமின்) வெளிமுகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என விரலால் தடவிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் போல்ட் அச்சின் முனையில் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகியதாகத் தோன்றும், பிரேமையோ அது அழுத்தியே இருக்காது. அப்படி இருந்தால் தடித்த வாஷர் ஒன்று போதும்.

கேள்வி: இரு பக்கக் கேம்களையும் ஒரே எண்ணில் வைத்தும் சக்கரம் கோணலாகவே அமர்கிறது. பூட்டும் முறையில் பிழையா?

பதில்: எண்ணை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். பின்கள் இரு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் பதிந்திருக்கும் என்று கொள்ள முடியாது. தேய்மானமும் இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. முதலில் வலப்பக்கக் கேமைத் திருப்பிச் செயினின் விறைப்பை அமையுங்கள். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் மிக விறைப்பாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் நடுச்செயின் மேலும் கீழுமாக மொத்தம் 1 செ.மீ. அளவு அசையுமாறு விடுவது நல்லது. பற்சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பது அரிது என்பதால், வேறு இடத்தில் வைத்து அளந்தால் விறைப்பு மிகுந்து பேரிங்குகள் கெடும். வலப் போல்ட்டை அரைகுறையாக இறுக்கியபின், ரிம் பிரேமின் இரு கால்களுக்கும் நடுவில் வருமாறு சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, இடக் கேமை அதன் பின்னில் முட்டும்வரை திருப்புங்கள். பிறகு இரு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அப்போது கேமை விரலால் பின்னோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், ஏனெனில் போல்ட்டின் சுழற்சி கேமையும் சேர்த்து இழுத்துச் சென்றுவிடும். பெரும்பாலோருக்குப் பிசகுவது இந்த இடத்தில்தான். விளிம்பு வழவழப்பாக உள்ள கேம் இழுவையில் தானே சற்றுத் திரும்பக்கூடும். வெட்டுப்பள்ளங்கள் உள்ளதில் அந்த ஆணி பள்ளத்தில் அமர்ந்துவிடுவதால் அந்த அச்சம் குறைவு. மாற்றுவதானால் பள்ளம் உள்ளதையே வாங்குங்கள்.

ரிம் பிரேக் உள்ள சைக்கிளானால், சக்கரத்தின் இடத்தை முடிவாக்கிய பிறகே பிரேக் கட்டைகளைச் சரிசெய்ய வேண்டும். முன்னதாகச் சரிசெய்தால் அந்த உழைப்பு வீண்.

கேள்வி: போல்ட்டுக்கு மரைப் பசை போட்டால் நகர்வது நிற்குமா?

பதில்: போல்ட் தளர்வதும் அச்சு நகர்வதும் இரு வேறு நோய்கள். பூட்டியபின் போல்ட்டின் தலைக்கும் பிரேமுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இடுங்கள்; அச்சின் இடத்தையும் பிளவின் ஓரத்தில் குறியுங்கள். ஓட்டிய பிறகு தலைக்கோடு முறிந்திருந்தால் போல்ட் சுழன்று தளர்ந்திருக்கிறது. அதற்குக் கழற்றக்கூடிய வகை மரைப் பசை உதவும். கோடு முறியாமலேயே அச்சு நகர்ந்திருந்தால் பசையால் ஒரு பயனும் இல்லை. முதல் பதிலில் சொன்னவற்றைத்தான் செய்ய வேண்டும். புதிதாகப் பூட்டிய சக்கரத்தை முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்ப்பதும் அவசியம், பரப்புகள் அமர்ந்து இறுக்கம் சற்றுக் குறைவது இயல்பு. எடை குறைய வேண்டுமென்று டைட்டானியம் போல்ட் போட்டிருந்தால், பின் அச்சில் மட்டுமாவது உறுதியான எஃகு போல்ட்டுக்குத் திரும்பிவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து.

கேள்வி: கேம் பின்னில் முட்டியே நிற்கிறது, குறியிட்ட கோடுகளும் அசையவில்லை. ஆனாலும் உதைக்கும்போது டயர் பிரேமில் உரசும் ஓசை கேட்கிறது. நிறுத்திப் பார்த்தால் நேராகவே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அப்படியானால் அச்சு நகரவில்லை, வேறேதோ வளைந்து மீள்கிறது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்: ஹப்பிலிருந்து 'டக்' என ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது அச்சிலேயே விரிசல் இருக்கிறது. ஆட்டம் இல்லையென்றால் ஸ்போக்குகளின் விறைப்பைச் சோதியுங்கள். ரிம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்றறிய, சக்கரத்தைக் கழற்றி இட வலம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். ரிம் மறுபக்கம் ஒதுங்கினால் குறை சக்கரத்தில். அதே பக்கம் ஒதுங்கியே நின்றால் குறை பிரேமில்.

பிரேமில் என்று தெரிந்தால் டிராப்அவுட் பற்றவைத்த இடத்தையும் கேம் முட்டும் ஆணி பதிந்த இடத்தையும் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். துடைத்த பிறகும் மறையாமல் நிற்கும் மெல்லிய கருங்கோடு விரிசலாக இருக்கலாம். அது விரிசல் இல்லை என்று உறுதியாகும்வரை அந்தப் பிரேமில் தாவ வேண்டாம். உயரத்தில் பின்சக்கரத்தின் மேல் நிற்கும் கணத்தில் சக்கரம் பிசகினால், செயின் தொய்ந்து பற்களின் மேல் வழுக்கி, பெடல் திடீரெனக் காலடியிலிருந்து நழுவிவிடும். மார்போ முகமோ நேராகக் கைப்பிடியில் மோதும்.