ஆசிட் வாஷுக்குப் பின் கெட்டுப்போன வெந்நீர்: ஆய்வக அறிக்கை கையில் இருந்தால் போதுமா?

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. மொட்டை மாடியில் உள்ள 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. போர் தண்ணீரின் உப்பு படிந்து வெந்நீர் சரியாக வராததால், ஒரு சர்வீஸ் நிறுவனத்தாரை வரவழைத்து, ரூ.3,500 கொடுத்து ஆசிட் வாஷ் செய்திருக்கிறார். அன்று மாலையே தண்ணீர் செம்பழுப்பு நிறத்தில் நெடியோடு வந்தது. மறுநாள் அந்த வெந்நீரை ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தார். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.4, இரும்புச் சத்து மிகுதி என்று அறிக்கை வந்தது. மூன்றாவது வாரத்தில் தொட்டியின் அடியில் கசிவு தொடங்கியது. மனைவிக்குத் தோலில் அரிப்பு, நிறுவனத்து ஆட்கள் போனை எடுப்பதில்லை, எடுத்தால் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள், ரசீதும் தரவில்லை. "உங்கள் போர் தண்ணீர்தான் காரணம், வேண்டுமானால் இன்னொரு தடவை இலவசமாகக் கழுவித் தருகிறோம்" என்பது அவர்கள் பதில். ஐந்து லட்சம் இழப்பீடு கேட்கலாமா, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார். பழைய தொட்டியை எடுத்துக்கொண்டு புதியதில் தள்ளுபடி தருவதாக ஒரு கடைக்காரர் சொல்லியிருப்பதால், அடுத்த வாரம் மாற்றப்போவதாகவும் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தொட்டியை மாற்றாதீர்கள். உங்கள் வழக்கில் இன்றைக்கு மிச்சமிருக்கும் பெரிய சாட்சி அந்தத் தொட்டிதான். புதியது வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் வாங்குங்கள்; ஆனால் பழையதைக் கழற்றி, கசிவு உள்ள இடத்தைத் தொடாமல், எம்-சீல் கூட வைக்காமல், மாடியிலேயே ஓரமாக மூடி வையுங்கள். தள்ளுபடியாகக் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு அதை விட்டுவிட்டால், பிறகு நுகர்வோர் ஆணையத்தின் முன் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

காவல் நிலையத்தை மறந்துவிடுங்கள். இது உரிமையியல் தன்மையுள்ள பிரச்சினை, மனு ரசீது வாங்கிக்கொண்டு திரும்புவதோடு முடியும். மரியாதைக் குறைவான பேச்சும் சட்டப்படி எங்கும் கொண்டு சேர்க்காது. மனைவியின் தோல் அரிப்பைப் பொறுத்தவரை, அதை இந்தத் தண்ணீரோடு இணைத்து ஒரு தோல் மருத்துவர் அப்போதே எழுதிய குறிப்பு இருந்தால் சேர்க்கலாம். இல்லையென்றால் மனுவில் அந்தப் பத்தியே வேண்டாம், நிரூபிக்க முடியாத ஒரு குற்றச்சாட்டு நிரூபிக்கக்கூடியவற்றின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும். ரசீது தராதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக முறை என்பது உண்மைதான். ஆனாலும் பணத்தை ஜி-பேயில் அனுப்பியிருக்கிறீர்கள் என்பதால், கட்டணம் பெற்று வேலை செய்தார்கள் என்பதைக் காட்ட அதுவே போதும்.

இந்த வழக்கில் முடிவு செய்யப்பட வேண்டிய கேள்வி ஒன்றுதான். தண்ணீர் கெட்டதும் தொட்டி ஓட்டை ஆனதும் அவர்கள் கழுவிய முறையாலா, அல்லது ஐந்து ஆண்டுகளாக அதில் நின்ற உங்கள் போர் தண்ணீராலா? இதை நிரூபிக்கும் பொறுப்பு முறையீட்டாளராகிய உங்களுடையது. சரக்குகளைப் பரிசோதித்துச் சான்று தரும் எஸ்.ஜி.எஸ். இந்தியா நிறுவனத்துக்கும் டால்பின் இண்டர்நேஷனல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அது ஏற்றுமதியான நிலக்கடலை பற்றிய வழக்கு. கப்பலில் ஏற்றும்போது செய்த பரிசோதனை ஒன்று சொல்ல, சரக்கு போய்ச் சேர்ந்த இடத்துப் பரிசோதனை வேறொன்று சொன்னது. இறங்கிய இடத்தில் சரக்கு தரக்குறைவாக இருந்தது என்பதை மட்டும் வைத்து, ஏற்றிய இடத்தில் பரிசோதித்தவர் சேவையில் குறை வைத்தார் என்று தீர்மானித்துவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பிலிருந்து உங்களுக்கு வேண்டிய பாடம்.

இந்த இடத்தில்தான் என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஆய்வக அறிக்கையில் முத்திரை இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, ஆகவே வழக்கு வெற்றி என்று நம்பி வருகிறார்கள். உங்கள் அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துப் பாருங்கள்: மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது என்றும், கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே முடிவுகள் பொருந்தும் என்றும் இருக்கும். எதிர்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வார். எந்தக் குழாயில் பிடித்தீர்கள், யார் பார்த்தார்கள், பாட்டிலில் முன்பு என்ன இருந்தது, முத்திரையிட்டது யார் என்று வரிசையாகக் கேட்பார். பி.எச். 6.5 முதல் 8.5 வரை என்பது ஐ.எஸ். 10500 குடிநீர் தரநிலையின் வரம்பு. குளிக்கிற வெந்நீருக்கு அதை ஏன் காட்டுகிறீர்கள் என்பார். இவற்றுக்கெல்லாம் ஓரளவு பதில் சொல்லிவிடலாம். பதில் சொல்ல முடியாத கேள்வி, அதே நாளில் போரிலிருந்து ஹீட்டருக்குள் போகும் தண்ணீரை ஏன் சோதிக்கவில்லை என்பதுதான்.

கழுவிய பின் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதன் பொருளே உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் ஒப்பிடுவதுதான். அமிலத்தால் உப்பைக் கரைத்த பிறகு, மிச்ச அமிலத்தைச் சோடா போன்ற காரத்தால் முறித்து, பலமுறை அலசி, இரண்டு பக்கத்துப் பி.எச்.சும், கரைந்திருக்கும் உப்பின் அளவான டி.டி.எஸ்.சும் ஏறக்குறைய ஒன்றாகும் வரை தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வெளியே வரும் தண்ணீரின் பி.எச். 5.4, உள்ளே போகும் தண்ணீருக்கு 7.5 என்று ஒரே நாளில், இரு தரப்பும் கையெழுத்திட்ட உறைகளில் சோதித்திருந்தால் இந்த வழக்கில் பேசுவதற்கே அதிகம் இருந்திருக்காது. இப்போது ஆறு வாரம் கடந்து, தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நீங்களே எழுதுகிறீர்கள். இனி எத்தனை மாதிரி எடுத்தாலும், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலேயே கொடுத்தாலும், அது கழுவிய அன்றைய நிலையைச் சொல்லாது. போர் தண்ணீரை மட்டும் இப்போது அங்கே சோதித்து வையுங்கள். உங்கள் நிலத்தடி நீர் இயல்பாக அமிலத்தன்மை உடையதன்று என்பதைக் காட்ட அது உதவும்.

அடுத்த ஆபத்து அந்த இலவசக் கழுவல். கோபத்தில் இருப்பவர்கள் கூட, சும்மா கிடைக்கிறதே என்று இதற்குச் சம்மதித்துவிடுகிறார்கள். மேலூர்ப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் இரண்டாவது முறை கழுவ அனுமதித்து, வேலை திருப்தி என்று அச்சிட்ட தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உள்ளே இருந்த தடயங்கள் அலசிப் போயின, முதல் குறையை அவரே மன்னித்ததாகவும் ஆயிற்று. அந்த வழக்கைக் கடைசியில் கட்டணத்தைத் திருப்பி வாங்குவதோடு முடித்தோம். நீங்களும் முதல் நாளே அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்குப் பாதகமான ஆவணம்தான். ஆனால் குழாயைத் திறந்து பார்ப்பதற்கு முன், வேலை முடிந்த உடனே வாங்கிய கையெழுத்து என்று விளக்க இடமிருக்கிறது. இரண்டாவது தடவைக்கு அந்த விளக்கமும் கிடைக்காது.

இனி, உங்கள் கடிதத்தில் அவமரியாதைக்கு எடுத்துக்காட்டாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கழுவிய அன்று இரவு, வேலை செய்த ஆள் வாட்ஸ்அப்பில், "ஆசிட் கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சு சார், ரெண்டு நாளு தண்ணிய தொறந்து விடுங்க, சரியாயிரும்" என்று குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டாலே ஆத்திரம் வருவதால் அழித்துவிட நினைக்கிறேன் என்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஆய்வக அறிக்கையால் இணைக்க முடியாத காரணத்தையும் விளைவையும் இணைப்பது அந்தப் பதிவு ஒன்றுதான். வேலை செய்தவரே, வேலை நடந்த அன்றே, தம் வாயால் ஒப்புக்கொண்டது அது. அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பதிவை நகலெடுத்து, இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில்லை என்றாலும், சான்றிதழ் இல்லாத குரல்பதிவை எதிர்தரப்பு சும்மா விடாது.

அதன் பிறகு அந்த நிறுவனத்துக்குச் சட்ட அறிவிப்பு அனுப்புங்கள். அதில் உங்கள் மனவேதனையை விவரிப்பதைவிட மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என்ன அமிலம், எவ்வளவு நீர் கலந்து, எதைக் கொண்டு முறித்தீர்கள்? சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கக்கூடியது. அதைத்தான் ஊற்றினார்கள் என்றால் தொட்டியின் உட்புறமே அதைக் காட்டும். அவர்கள் பதில் தராவிட்டால், தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவின்படி சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். மனுவோடு சேர்த்தே, வல்லுநர் ஒருவரை, தொட்டியை நேரில் பார்த்து அறிக்கை தரும் ஆணையராக நியமிக்கக் கோரும் இடைக்கால மனுவையும் தாக்கல் செய்யுங்கள். காலவரம்பு இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று ஆறப்போட வேண்டாம். மாடியில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் தொட்டி அத்தனை நாள் காத்திருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், வழக்கை முடிவு வரை நடத்தும்படி உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். போர் தண்ணீரில் உள்ள குளோரைடும் ஐந்து ஆண்டில் அதே மாதிரித் துளையை உண்டாக்கலாம் என்று வல்லுநர் ஒரு வரி எழுதிவிட்டால், இழப்பீடு பாதியாகக் குறையும். மேல்முறையீடு என்று அவர்கள் மாநில ஆணையத்தின் மதுரை அமர்வுக்குப் போனால், உங்கள் செலவு தொட்டியின் விலையைத் தாண்டிவிடும். ரூ.3,500 கட்டணம் வாங்கிய வேலைக்கு ஐந்து லட்சம் என்ற எண்ணை அறிவிப்பில் எழுதினாலே பேச்சுவார்த்தைக்கான கதவு அடைபட்டுவிடும். தொட்டியின் இன்றைய விலையில் பாதி, சர்வீஸ் கட்டணம் முழுதும், ஆய்வகச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். குரல்பதிவு உங்களிடம் இருக்கிறது என்பதையும் அறிவிப்பிலேயே குறிப்பிடுங்கள். அதைப் பார்த்த பிறகு பெரும்பாலும் அவர்களே பேச வருவார்கள். வராவிட்டாலும், மனு ஏற்கப்பட்டதும் அதே நுகர்வோர் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம்.

பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு மட்டுமே, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற கடிதத்தில் கையெழுத்திடுங்கள். பின்தேதியிட்ட காசோலையைக் கொடுத்துவிட்டுக் கடிதத்தையும் தொட்டியையும் ஒன்றாகக் கேட்பார்கள். காசோலை பணமாகும் வரை இரண்டையும் கொடுக்காதீர்கள்.