வெள்ளைச் சட்டை போட்டும் தோள் கறுப்பது ஏன்?

கேள்வி: மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். காலை பத்து மணிக்கு பைக்கில் கிளம்பினால் திருநெல்வேலி, தென்காசி எல்லாம் சுற்றி முடிக்க மாலை நான்காகிவிடும். மெல்லிய வெள்ளைப் பருத்தியில் முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். அப்படியும் தோள்பட்டை கறுத்துவிட்டது. கையில் மாட்டும் ‘ஸ்லீவ்’ வாங்கலாமா?

பதில்: உங்கள் சட்டை காற்றோட்டமாக இருக்கிறது, சரி. ஆனால் காற்று நுழைகிற சந்து வழியாக வெயிலும் நுழையும். புழுக்கம் வேறு, தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிர் வேறு.

ஒரு துணி இந்தக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் அளவு உண்டு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீஷர்ட்டுக்கு இது 5 முதல் 7 வரைதான். நனைந்தால் இன்னும் இறங்கிவிடும். பைக் ஓட்டும்போது தோளில்தான் துணி இழுபடுகிறது, வியர்வையில் ஒட்டிக்கொள்வதும் அங்கேதான். இழுபட்டால் இழைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகும். தோள் ஏன் கறுத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

கடையில் துணியை ஒற்றை மடிப்பாக டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். பின்னால் கையை வைத்து விரல்களை எண்ண முடிந்தால் அந்தத் துணி வேண்டாம். ‘வாயில்’ (voile) என்கிற மெல்லிய துணி பெரும்பாலும் இதில் தோற்கும், நெருக்கமாக நெய்த பாப்ளின் தேறும். வெளுக்காத கோரா பருத்தியும் நல்லதுதான். கதிரை உறிஞ்சும் இயற்கைப் பொருள்கள் அதில் மிச்சமிருக்கும், வெளுக்கும்போது அவை போய்விடுகின்றன. புதுப் பருத்திச் சட்டையை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு வெயிலில் போடுங்கள். துணி சுருங்கி இழைகள் நெருங்கும். நைந்த பழைய சட்டை வீட்டோடு இருக்கட்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை அடர்த்தியானதே மேல். “கறுப்பு சூட்டை இழுக்குமே” என்பீர்கள். இழுக்கும்தான். ஆனால் பாலைவன பெடோயின் மக்களின் கறுப்பு அங்கியைப் பற்றி 1980இல் ஓர் ஆய்வு வந்தது. தொளதொளவென்று இருப்பதால், கறுப்பு அங்கியானாலும் வெள்ளை அங்கியானாலும் உடம்புக்கு வந்து சேரும் சூடு ஒன்றுதான் என்றது. உங்களுக்கு நான் சொல்வது கருநீலம், வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக.

அப்புறம் ஸ்லீவ். நெருக்கமான முழுக்கைச் சட்டை இருந்தால் கைக்கு அது தேவையில்லை. ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்த புறங்கை நாள் முழுக்க வெயிலைப் பார்த்தபடியே இருக்கிறது. அதற்காக வாங்குவதானால் கட்டைவிரல் ஓட்டை உள்ளது, யூபிஎஃப் 50 என்று அச்சிட்டது, இறுக்கிப் பிடிக்காதது என்று பார்த்து வாங்குங்கள்.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரியான மாத்திரைகள் சாப்பிட்டால் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் பாதிக்கப்படும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுத்த இடத்தில் அரிப்போ தடிப்போ இருந்தால் மட்டும், மருந்து கொடுக்கப் போகும் தோல் மருத்துவரிடமே காட்டிவிடுங்கள்.