செல் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடாமல் இருப்பது எப்படி?

செல் தன் பருமனைக் காப்பது என்றால், உள்ளே இருக்கும் உப்பு அயனிகளைக் கூட்டிக் குறைத்துத் தண்ணீரின் வரத்தை அடக்குவது. விலங்கு செல்லுக்குள் வெளியேற முடியாத புரதங்கள் நிறைய. கரைந்த பொருள் அதிகமுள்ள பக்கம்தான் தண்ணீர் போகும். விட்டால் உப்பி வெடித்துவிடும். அதனால் சவ்விலுள்ள பம்பு ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பது மாதிரிதான்; இங்கே இறைபடுவது சோடியம். கை ஓய்ந்தால் போச்சு. (ஆற்றல் தீர்ந்த செல் வீங்குவது இதனால்தான்.)

சரி, அப்படியும் வீங்கினால்? பொட்டாசியம், குளோரைடு வாயில்கள் திறக்கும். அந்த அயனிகள் வெளியேற, தண்ணீரும் பின்னாலேயே போகும். சுருங்கினால் நேர்மாறு.

செல் தண்ணீரையே இறைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது நகர்த்துவது அயனிகளைத்தான்.